ஜிமேட்டா, ஜிஆர்இயா? புத்தகம் வாங்குவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

ஜிமேட்டும் ஜிஆர்இயும் எம்பிஏ, எம்எஸ் மாதிரி மேற்படிப்புகளுக்கு, பெரும்பாலும் வெளிநாட்டில், விண்ணப்பிக்க எழுதும் தேர்வுகள். "ஜிஆர்இ கணக்கு சுலபமாம், அதையே எழுதிடலாம்" என்று யாரோ சொன்னதை நம்பித் தேர்வைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. எது சுலபம் என்பது அப்புறம். முதலில் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் பொறியியல், அறிவியல் பக்கம் எம்எஸ்ஸோ பிஎச்டியோ ஒன்று இருந்தாலும் ஜிஆர்இதான், ஏனென்றால் அந்தத் துறைகள் பொதுவாக ஜிமேட்டைக் கேட்பதில்லை. எம்பிஏ மட்டும் என்றால் பெரும்பாலான பிசினஸ் ஸ்கூல்கள் இரண்டையுமே ஏற்கின்றன. சில துறைகள் எந்த மதிப்பெண்ணும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டன, அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் படிப்பது எவ்வளவு பெரிய வீண்!

சரி, இரண்டும் செல்லும் என்றால்? இங்கேதான் "சுலபம்" என்ற பேச்சு ஆளைக் கவிழ்க்கும். ஜிஆர்இ கணக்கில் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு, ஆனால் ஆங்கிலப் பகுதியில் அரிய சொற்கள் தெரியாவிட்டால் திணறிப்போவீர்கள். ஜிமேட்டில் சொல்வளத்தைத் தனியாகச் சோதிக்கும் கேள்விகள் கிடையாது, ஒரு வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியவேண்டும்; கணக்குக்குக் கால்குலேட்டரும் இல்லை. அதோடு டேட்டா இன்சைட்ஸ் (அட்டவணை, வரைபடங்களில் உள்ள தரவைப் படித்துப் பதில் சொல்லும் பகுதி) என்று 20 கேள்விகள், 45 நிமிடம் (கால்குலேட்டர் இதில் மட்டும்தான்). மொத்த மதிப்பெண்ணில் இதற்கும் மற்ற இரண்டு பகுதிகளுக்குச் சமமான பங்கு இருக்கும்போது, கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு தேர்வுகளையும் நடத்துபவர்களே இலவச மாதிரித் தேர்வுகள் தருகிறார்கள். ஒரே வாரத்தில் இரண்டையும், நேரம் வைத்து, இடையில் எழுந்து போகாமல் எழுதிப் பாருங்கள், ஊர் சொல்வதைவிட அது உங்களைப் பற்றி நிறையச் சொல்லும்.

சீனியர் கொடுத்த பழைய புத்தகத்தைத் தயவுசெய்து அப்படியே நம்பாதீர்கள். 2023-ல் இரண்டு தேர்வுகளுமே மாறிவிட்டன. ஜிஆர்இ 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கியது, கட்டுரை ஒன்றுதான். ஜிமேட் 2 மணி 15 நிமிடம். கட்டுரை, வாக்கியத் திருத்தம், வடிவியல் மூன்றும் போய்விட்டன. ஜிமேட்டுக்கு என்று வட்டமும் முக்கோணமும் போட்டுக்கொண்டு இருப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஜிஆர்இயில் அவை இன்னும் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

மதிப்பெண்ணிலும் இதே குழப்பம். புதிய ஜிமேட் 205-லிருந்து 805 வரை, எல்லா மொத்தமும் 5-ல்தான் முடியும். இதில் 645 என்பது பழைய 700-க்கு ஏறக்குறைய சமம். இது தெரியாமல் 655 வாங்கியவர் "700கூட வரலையே" என்று நொந்துபோய் மறுபடி பணம் கட்டுகிறார். பெர்சன்டைலைப் பாருங்கள், அதாவது தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரைவிட நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்பதை.

இன்னொன்று, ஜிஆர்இ பழக்கத்தோடு ஜிமேட்டுக்குப் போவது. ஜிஆர்இயில் ஒரு பகுதிக்குள் கேள்வியை விட்டுவிட்டுத் திரும்பி வரலாம். ஜிமேட்டில் பதில் போடாமல் நகரவே முடியாது, பின்னால் வந்து மாற்றுவதும் ஒரு பகுதிக்கு 3 பதில்கள்தான்.

தேதியையும் கடைசி நாளை ஒட்டி வைக்காதீர்கள். மறுமுறை எழுத ஜிமேட்டுக்கு 16 நாள், ஜிஆர்இக்கு 21 நாள் இடைவெளி வேண்டும். மதிப்பெண் 5 வருடம் செல்லும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே எழுதி வைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.