ஆரம்பகால அமெரிக்க வெள்ளிக் காசு சேர்க்க: அரை டாலரில் தொடங்குங்கள்

பழைய அமெரிக்க வெள்ளி என்றதும் பலருக்கும் 1794 டாலர்தான் நினைவுக்கு வரும். அந்த வருடம் பிலடெல்ஃபியா நாணயச்சாலை வெளியிட்டது வெறும் 1,758. அதில் ஒன்று 2013-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. புதிதாகத் தொடங்குபவர் தேட வேண்டியது வேறு: தொப்பியணிந்த லிபர்ட்டி (சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் உருவம்) தலையுடன் 1807 முதல் 1836 வரை வந்த அரை டாலர்.

1804-க்குப் பிறகு பல வருடங்களுக்கு டாலர் காசே அச்சாகவில்லை. அதனால் வங்கிகள் அரை டாலர்களைப் பை பையாகக் கையிருப்பு வைத்தன. அதிகம் கைமாறாததால் இன்றும் நல்ல நிலையில் நிறையக் கிடைக்கின்றன.

படி 1: 1820-களிலோ 1830-களிலோ ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுங்கள். 1815 வேண்டாம், அது அரிது, விலையும் அதிகம்.

படி 2: முகத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் பாருங்கள். 'ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்' என்ற எழுத்துகள் ஓடும். வரிவரியான விளிம்பு 1836 கடைசியில்தான் வந்தது. ஆகவே 1825 என்று போட்ட காசில் அந்த வரிகள் இருந்தால் வாங்காதீர்கள்.

படி 3: எடை போடுங்கள். நியாயமான எடை 13.48 கிராம், தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும். அப்புறம் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். சுமார் 1.31 கிராம் காட்ட வேண்டும். முதல் எடையை இதனால் வகுத்தால் 10.3 வரும், 89 சதவீத வெள்ளியும் மீதி செம்பும் கலந்த உலோகத்தின் அடர்த்தி அது. பித்தளைப் போலி இங்கே மாட்டிக்கொள்ளும். முடிந்ததும் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

படி 4: பளபளப்பில் மயங்காதீர்கள். இருநூறு வருட வெள்ளி சாம்பல் நிறமாக இருப்பதுதான் இயல்பு. மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடினால் யாரோ தேய்த்திருக்கிறார்கள், மதிப்பு போய்விட்டது. முதல் காசை, காசுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி சான்றிட்டு மூடிய பெட்டியிலேயே வாங்குங்கள்; எடையும் தண்ணீர்ச் சோதனையும் பெட்டியில் இல்லாத காசுக்குத்தான். சான்று எண்ணை அவர்கள் தளத்தில் சரிபாருங்கள்.

படி 5: காசைப் பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், பச்சைக் கறை பிடிக்கும். மைலார் என்ற பாலியஸ்டர் உறை நல்லது.

படி 6: அன்று அச்சுகளில் நட்சத்திரங்களையும் வருடத்தையும் கையால்தான் பதித்தார்கள். அதனால் ஒரே வருடத்துக் காசுகளும் ஒன்றுபோல இருக்காது. இந்த வகைகளை, அவற்றைப் பட்டியலிட்ட ஓவர்டன் என்பவரின் பெயரிலான ஓவர்டன் எண்களால் குறிப்பார்கள். 450-க்கு மேல் உண்டு. இரண்டாவது காசையும் அதே வருடத்தில் வாங்கி, இரண்டையும் லென்ஸில் ஒப்பிட்டுப் பாருங்கள்.