ஸ்லோவாக் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்தா? 25-ஆம் தேதி போய் நிற்காதீர்கள்

பலரும் செய்யும் முதல் தவறு தேதியில்தான். ஸ்லோவாக்கியாவில் பெரிய நாள் டிசம்பர் 24. அந்த நாளுக்கு ‘ஷ்டெட்ரீ தென்’ என்று பெயர், அதாவது தாராளமான நாள். விருந்து, பரிசு, நள்ளிரவுப் பூசை எல்லாம் அன்றைக்கே. 25 அன்று குடும்பத்தோடு வீட்டில் அடைந்துகொண்டு மிச்சமிருக்கும் பலகாரத்தைத் தின்பார்கள். யாராவது வந்து கதவைத் தட்டுவதை அவ்வளவாக ரசிக்க மாட்டார்கள். உறவினர், நண்பர் வீடுகளுக்குப் போகும் நாள் 26, புனித ஸ்டீபன் திருநாள்.

ஏதாவது வாங்க வேண்டுமென்றால் 24 காலையிலேயே வாங்கிவிடுங்கள். மதியத்தோடு கடைகளை மூடிவிடுவார்கள். அடுத்த இரண்டு நாளும் விடுமுறை.

விருந்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவது அடுத்த தவறு. வழக்கப்படி முதல் நட்சத்திரம் தெரியும்வரை விரதம். பட்டினி கிடந்தால் தங்கப் பன்றிக்குட்டி கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லித்தான் குழந்தைகளைச் சமாளிப்பார்கள்.

மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். யாரோ வரவில்லை போல என்று அதை எடுத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். எதிர்பாராமல் வருகிறவருக்காக வைத்த தட்டு அது. உட்கார்ந்த பிறகு நடுவில் எழுந்திருக்கவும் கூடாது. எழுந்தவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருக்க மாட்டார் என்று பழைய நம்பிக்கை. பரிமாறும் வீட்டம்மாவுக்கு மட்டும் விலக்கு. உதவி செய்கிறேன் என்று நீங்கள் துள்ளி எழுந்தால் பாட்டி முகம் மாறிவிடும்.

வீட்டம்மா தேனில் விரலைத் தொட்டு உங்கள் நெற்றியில் சிலுவை வரைந்தால் துடைக்காதீர்கள், அது ஆசீர்வாதம். அப்புறம் ‘ஒப்லாட்கி’ வரும். காகிதம் போல மெல்லிய இந்த அப்பளத்தில் தேன் தடவி, பல வீடுகளில் ஒரு பல் பூண்டும் வைத்துத் தருவார்கள். பூண்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். சாப்பிட்டுப் பார்த்தால் நன்றாகவே இருக்கும்.

அடுத்து ‘கபுஸ்த்னிட்சா’, புளிக்கவைத்த முட்டைக்கோஸும் உலர்ந்த காளானும் போட்ட சூப். செக் நாட்டு வழக்கத்தை நினைத்துக்கொண்டு “மீன் சூப் இல்லையா?” என்று கேட்காதீர்கள். சைவம் என்று நம்பிக் குடிக்கவும் கூடாது. விரதம் காக்கும் கத்தோலிக்க வீடுகளில் இறைச்சி இருக்காது, மற்ற பல வீடுகளில் சாசேஜ் துண்டுகள் மிதக்கும். கேட்டுவிடுவது நல்லது. பிறகு வறுத்த கெண்டை மீனும் உருளைக்கிழங்கு சாலடும். தட்டுக்கு அடியில் மீன் செதில் ஒன்று கிடந்தால் குப்பை என்று தட்டிவிடாதீர்கள். பர்ஸில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்கப் பணம் தங்குமாம்.

ஆப்பிளைக் குறுக்கே வெட்டுவார்கள். விதைப்பகுதி நட்சத்திரமாகத் தெரிந்தால் ஆரோக்கியம், பூச்சி அரித்திருந்தால் நோய். அந்த நேரத்தில் ஜோக் அடிக்காமல் இருங்கள். சிரித்துக்கொண்டே வெட்டினாலும் எல்லார் கண்ணும் கத்தி மேல்தான் இருக்கும்.

குழந்தைகளிடம் “சாண்டா என்ன கொண்டுவந்தார்?” என்று கேட்பதும் சரியல்ல. மரத்தடியில் பரிசு வைப்பவர் ‘யெஷிஷ்கோ’, குழந்தை இயேசு. மிகுலாஷ் தாத்தா, அதாவது புனித நிக்கோலஸ், டிசம்பர் 6-ஆம் தேதியே துடைத்து வைத்த பூட்ஸில் மிட்டாய் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

இத்தனைக்கும் பிறகு தேதியைக் கோட்டைவிட்டவர்கள் கிழக்கு ஸ்லோவாக்கியா பக்கம் போகலாம். பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ஆனால் விருந்து அங்கேயும் முந்தின நாள் இரவுதான்.