ஏரியைச் சுற்றி சைக்கிள்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

போன ஞாயிறு ஏரிக்கரையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஐந்து பேர் கொண்ட கூட்டம். நான்கு பேரிடம் நல்ல சைக்கிள்; ஒரு பெண் மட்டும் வாடகை சைக்கிளின் பிரேக்கை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ரவுண்டுதானே, எல்லாம் சமதரைதான்" என்றார் கூட்டத்தின் தலைவர். பத்து வருடத்துக்கு முன் நானும் அச்சு அசலாக இதையேதான் சொன்னேன்.

ஹெல்மெட், பங்சர் கிட் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

முழுச் சுற்று போயே தீருவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. போன வழியே திரும்புகிற சவாரியில் கால் வலித்தால் எந்த நிமிடமும் திரும்பிவிடலாம். ஏரியில் பாதியை எட்டிவிட்டால் திரும்பினாலும் அதே தூரம், தொடர்ந்தாலும் அதே தூரம். குறுக்கே போக வழியில்லை, தண்ணீர். கிளம்பிய இடம் எதிர்க்கரையில் பொட்டு மாதிரி தெரிந்துகொண்டே இருக்கும். அது தனி வேதனை.

என் தங்கையை அப்படித்தான் 42 கி.மீ. சுற்றுக்கு இழுத்துப் போனேன். 25-ஆவது கிலோமீட்டரில் பேச்சை நிறுத்தினாள். 30-இல் இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். நான் முன்னால் போய் மேட்டு உச்சியில் ஒரு காலை ஊன்றிக் காத்திருப்பேன், அவள் வந்ததும் "போலாமா?" என்று மிதிக்கத் தொடங்கிவிடுவேன். எனக்கு ஒவ்வொரு மேட்டிலும் ஐந்து நிமிட ஓய்வு. அவளுக்கு ஒரு நொடி கிடையாது. சைக்கிளைப் புல்லில் கிடத்திவிட்டு அவள் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அன்றோடு அவள் சைக்கிளை விட்டுவிட்டாள்.

இப்போது கலவையான கூட்டத்தோடு போனால் நான் தூரத்தைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, அவரவர் வேகத்தில் போகலாம். 45 நிமிடம் ஆனதும் யார் எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்ப வேண்டும். வேகமானவர் 15 கி.மீ. போயிருப்பார், புதியவர் 8 போயிருப்பார். வந்து சேர்வது ஏறக்குறைய ஒரே நேரத்தில். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். காற்று வீசினால் எதிர்காற்றில் கிளம்புங்கள், திரும்பும்போது அது முதுகைத் தள்ளும்.

முழுச் சுற்று ஆசை விடவில்லையா? இரண்டு பக்கக் கரைகளையும் வெவ்வேறு நாளில் போய்வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"ஏரிதானே, மேடு இருக்காது"

மட்டமாக இருப்பது தண்ணீர். பாறை சரிந்து நீரில் இறங்கும் இடத்தில் சாலை மேலேறித்தான் போகும். மொத்த ஏற்றம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே வருகிறது என்றும் பாருங்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில் வரும் மேடு இரண்டு மடங்கு உயரம்.

மதியக் காற்று

வெயில் நாளில் தரை சீக்கிரம் சூடாகும், நீர் மெதுவாக. அதனால் மதியத்துக்கு மேல் ஏரியிலிருந்து கரைக்குக் காற்றடிக்கும். 15 கி.மீ. வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் எதிர்காற்று வந்தால் காற்றின் தடை நான்கு மடங்காகிவிடும். காலையிலேயே முடித்துவிடுங்கள்.

சுற்றும் திசை

வண்டிகள் இடதுபுறம் போகும் நாட்டில் இடஞ்சுழியாகச் சுற்றினால் ஏரி உங்கள் பக்கமே இருக்கும். நின்று பார்க்கச் சாலையைக் கடக்க வேண்டாம். ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றுபவர்களுக்கு இப்படித்தான் சொல்கிறார்கள். வலதுபுறம் ஓட்டும் நாட்டில் வலஞ்சுழி.

தண்ணீர்

ஏரி நிறைய இருக்கும். பாட்டிலில் இருக்காது.

நனைந்த பலகைப் பாதை

திருப்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள்.

சீட் உயரம்

பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் சீட் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. அதை மட்டும் ஏற்றிக்கொடுத்தேன். தலைவரிடம் மற்றதைச் சொல்வதற்குள் அவர் கிளம்பியிருந்தார்.