வேலையை நிறுத்திவிட்டார்களா? தொழில் வழக்குக்குச் சட்டத்தரணி தேடும் விதம்

இலங்கையில் தோட்டத்தில் வேலை செய்த உங்களை நிறுத்திவிட்டார்கள் என்றால், முதலில் கலண்டரைப் பாருங்கள். வேலை நின்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு (வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் போன்ற சபை) விண்ணப்பம் போய்விட வேண்டும். எங்கள் மாமாவுக்கு ஐந்தரை மாதம், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் "பேசி முடிப்போம்" என்று சொன்னதிலேயே கரைந்தது. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், நீங்கள் நாட்களை எண்ணுங்கள்.

எல்லாவற்றுக்கும் சட்டத்தரணி தேவையில்லை. சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப். (தோட்டம் 12 வீதம், உங்கள் சம்பளத்தில் 8 வீதம்) கட்டவில்லையா? 5 வருடம் முடித்து வேலையை விட்டும் சேவைக்காலப் பணம் (கிராஜுவிட்டி) வரவில்லையா? தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கணக்குப் போட்டே போங்கள்.

நியாயமில்லாமல் நிறுத்தினால்தான் வழக்கு. அதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிறுத்தியதைத் தோட்டம் ஒப்புக்கொண்டால், ஏன் நிறுத்தினோம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். "நாங்கள் நிறுத்தவே இல்லை, அவர்தான் வரவில்லை" என்றால் நிரூபிக்கும் பாரம் நம் தலையில். துரை (தோட்ட முகாமையாளர்) வாயாலேயே "நாளைக்கு வராதே" என்று சொல்லியிருந்தால், மறுநாள் காலை பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய் வேலை கேளுங்கள். தராவிட்டால் அன்றைக்கே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளச் சீட்டுகள், நிதி அட்டை, கடிதங்கள் எல்லாம் ஒரே பைலில் இருக்கட்டும்.

அப்புறம் ஆளைத் தேடலாம். ஹட்டனிலோ பதுளையிலோ நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகைக்குக் குறைவில்லை. ஆனால் காணி உறுதி எழுதுவதில் கெட்டிக்காரர் தொழில் வழக்கிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. தொழில் நியாய சபையில் எத்தனை வழக்கு பேசியிருக்கிறீர்கள், தவணைக்கு (வழக்கு கூப்பிடும் நாளுக்கு) நீங்களே வருவீர்களா, ஜூனியரா, காசு மொத்தமாகவா, தவணைக்குத் தவணையா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லவர் முதலில் உங்களிடம் கேட்பது வேலை நின்ற திகதியைத்தான். பைலைத் திறக்காமலே "கட்டாயம் வெல்லலாம்" என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். கொழும்பிலிருந்து வரும் சட்டத்தரணி என்றால் ஒவ்வொரு தவணைக்கும் போக்குவரத்துச் செலவு யாருடையது என்றும் கேட்டுவிட வேண்டும்.

கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை விசாரியுங்கள். உங்கள் தொழிற்சங்கமும் உங்களுக்காக விண்ணப்பம் போடலாம்.

ஆள் சரியென்றால் ப்ரொக்சியில் (உங்களுக்காக வழக்குப் பேச அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில்) கையெழுத்து. வெற்றுத்தாளில் வேண்டவே வேண்டாம். மூலப் பத்திரங்களைக் கொடுத்தால் பிரதி எடுத்துக்கொண்டு கொடுங்கள், கட்டிய காசுக்கு பற்றுச்சீட்டு கேளுங்கள். அடுத்த தவணைத் திகதியை உங்கள் கையாலேயே எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள்.