தீவிரவாதத் தடுப்பு ஆய்வு சறுக்கும் இடங்கள்

வன்முறைத் தீவிரவாதத்தை முளையிலேயே தடுப்பது பற்றி எழுத வருபவர்கள் பலர் முதல் பக்கத்திலேயே வறுமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் குண்டுகளை வெடிக்கச் செய்து 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்களில் இருவர், கொழும்பின் பெரும் வாசனைப் பொருள் வணிகர் ஒருவரின் பிள்ளைகள். இன்னொருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். லெபனானின் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவின் இறந்துபோன போராளிகளைப் பற்றி ஆலன் குரூகரும் யிட்கா மலெச்கோவாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: அவர்கள் மற்ற லெபனான்காரர்களைவிட ஏழைகள் அல்லர், சற்றுக் கூடுதலாகப் படித்தவர்கள்.

அப்படியானால் படித்த பணக்காரர்களைக் கண்காணிக்கலாமா? இது முதல் தவறின் தம்பி. குண்டு வைத்தவர்களை மட்டும் மேசையில் பரப்பி, அவர்களிடம் பொதுவாக இருப்பதை அடிக்கோடிட்டால் தனிமை, அவமானம், கோபம் எல்லாமே அறிகுறியாகிவிடும். அதே தெருவில் வளர்ந்து, அதே கோபத்தோடு மளிகைக்கடை நடத்துகிறவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அவர் ஏன் அந்த வழியில் போகவில்லை என்பது பாதி ஆய்வு.

அறிகுறிப் பட்டியல்மேல் ஆசை விடாதவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 லட்சம் பேர் உள்ள நகரத்தில் 100 பேர் ஆபத்தானவர்கள் என்று வையுங்கள். உங்கள் சோதனை 99 சதவீதம் சரியாகச் சொல்லும் (உலகில் அப்படி ஒன்று கிடையாது). 99 பேர் சிக்குவார்கள். கூடவே 9,999 அப்பாவிகளும் சிக்குவார்கள். கதவைத் தட்டும் நூறு வீடுகளில் ஏறக்குறைய ஒன்றில்தான் தேடியவர் இருப்பார். மற்ற வீடுகளில் புதிதாக ஒரு மனக்கசப்பை விட்டுவிட்டு வருவீர்கள். தீவிரவாதத்தின் பக்கம் சாயக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறியும் பிரிட்டனின் 'பிரிவென்ட்' திட்டம் பள்ளிகளுக்குச் சட்டக் கடமையானது 2015இல். அடுத்த ஆண்டே ஒரு மழலையர் பள்ளி செய்தியில் அடிபட்டது. நான்கு வயதுச் சிறுவன், அப்பா வெள்ளரிக்காய் நறுக்குவதை வரைந்திருக்கிறான். அவன் சொன்ன 'கியூகம்பர்' ஆசிரியர்கள் காதில் 'குக்கர் பாம்' என்று விழுந்திருக்கிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு. நம் செய்தித்தாள்கள் தீவிரவாதி, பயங்கரவாதி என்ற இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதால், கடுமையான கருத்து உடையவரும் குண்டு கட்டுபவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். உளவியலாளர்கள் கிளார்க் மெக்காலியும் சோபியா மொஸ்கலென்கோவும் கருத்துக்கு ஒரு பிரமிடு, செயலுக்கு ஒரு பிரமிடு என்று தனித்தனியாக வரைந்தது இதற்காகத்தான். கருத்துப் பிரமிடின் உச்சியில், அதாவது மிகக் கடுமையான கருத்தோடு, இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எதுவும் செய்வதில்லை. இந்த வேறுபாட்டை மறந்தால் தவறு ஆய்வோடு நிற்காது, அரசிதழுக்கும் போய்விடும். 2021 மார்ச்சில் இலங்கை அரசு, தீவிர மதக் கருத்துச் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுக்கு விசாரணையின்றி இரண்டாண்டுவரை 'புனர்வாழ்வு' அளிக்க வழிசெய்யும் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்தியது.

ஒரு சமூகத்தையே சந்தேகப் பட்டியலாக வைத்து ஆய்வு தொடங்குவதும் இதே போன்ற தவறுதான். ஈஸ்டர் தாக்குதலை வழிநடத்திய சஹ்ரானைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டவர்களில் அவருடைய சொந்த ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

கடைசியாக, பலன் தந்ததா என்று அளப்பது. இங்குதான் நல்ல ஆய்வாளர்களும் தடுமாறுகிறார்கள். 2009க்குப் பின் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்ட விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்கள் மறுபடி ஆயுதம் எடுக்காததை முகாமின் வெற்றியாகக் காட்டுவது வழக்கம். திரும்பிப் போக இயக்கமே இல்லை என்பது அந்தக் கணக்கில் வராது. ஆரி குருக்லான்ஸ்கி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கவனமானது; விடுதலையானவர்களை, இயக்கத்தில் சேராத தமிழர்களோடு ஒப்பிட்டது. முன்னாள் போராளிகளிடம்தான் தீவிரம் குறைவாகத் தெரிந்தது. எனக்கு அந்த ஒப்பீடு பிடித்திருக்கிறது. ஆனால் புலனாய்வுக்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போகும் வீட்டில், 'தனிநாட்டுக்காக ஆயுதம் ஏந்தலாமா?' என்ற கேள்விக்கு எதிரே உள்ள கட்டத்தில் ஒரு முன்னாள் போராளி 'கூடாது' என்பதைத் தவிர வேறு எதைக் குறிப்பார்?