மூத்தவளுக்குப் பத்தாவது, சின்னவனுக்கு மூன்றாவது: வீட்டுக் கல்விக்கு ஓராண்டுத் திட்டம்

முதலில் மூத்தவளின் தேர்வு மாதத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பியவர்கள் பத்தாவது எழுதலாம், பொதுத்தேர்வு ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை வருகிறது, அதனால் ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் எழுதியாக வேண்டும் என்று பிள்ளையைப் போட்டு நெருக்காதீர்கள், பிரித்து எழுதலாம்.

கணக்கும் மொழியும் இருவருக்கும் தனித்தனிதான். அறிவியலைச் சேர்த்தே நடத்துங்கள். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் சொட்டினால் சிவக்கும். சின்னவன் அதை வரைந்து இரண்டு வரி எழுதட்டும், மூத்தவள், சோப்புத் தண்ணீர் ஒரு காரம் (அமிலத்துக்கு எதிரானது), மஞ்சள் அதை நிறம் மாறிக் காட்டும் நிலைகாட்டி என்று காரணத்தை எழுதட்டும்.

காலையில் முதலில் சின்னவனோடு உட்காருங்கள், அந்த நேரத்தில் மூத்தவள் தானாகக் கணக்குப் போடுவாள். தம்பிக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுப்பை மட்டும் அவள் தலையில் கட்டாதீர்கள். அப்புறம், மாதத்தில் நான்கைந்து நாளைத் திட்டமே இல்லாமல் விடுங்கள், காய்ச்சலும் கல்யாணமும் சொல்லிக்கொண்டா வருகின்றன?