பழைய ஜிப்சி வாங்குமுன்: அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை

பழைய மாருதி ஜிப்சி பார்க்கப் போகிற பலர் பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த வண்டியில் எஞ்சினைக் கடைசியாகப் பார்த்தால் போதும். எளிமையான எஞ்சின், பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பிரேம் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) இற்றுப்போயிருந்தாலோ, முன் ஆக்ஸில் தேய்ந்திருந்தாலோ, ஆர்.சி. புக் சரியில்லாவிட்டாலோதான் பணம் முழுகும். பார்க்கும் வரிசையும் அதன்படியே இருக்கட்டும்.

எந்த ஜிப்சி?

1985 கடைசியில் வந்த முதல் ஜிப்சி 970 சிசி, நாலு கியர். 1996-இல் 1298 சிசி எஞ்சினோடு ஜிப்சி கிங் வந்தது, ஐந்து கியர். 2000-இல் கார்பரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை ஊசிக்குழாயால் தெளிக்கும் முறை) வந்தது, 80 குதிரைத்திறன். 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு எம்.பி.எஃப்.ஐ. கிங்தான் எங்கள் சிபாரிசு. மலையில் மூச்சு வாங்காது, காலையில் சோக் இழுக்கும் வேலையும் இல்லை.

கையோடு ஒரு டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஸ்க்ரூடிரைவர், ஜாக்கி, சக்கரத்துக்கு அடை கொடுக்க இரண்டு கல், பென்சில், வெள்ளைத்தாள், படுக்க ஒரு பழைய பாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் காகிதம்

பிரேமில் பொறித்த சேசிஸ் நம்பரைத் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுங்கள். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே வரியில் விழ வேண்டும். ஒரு இலக்கம் மட்டும் சாய்ந்திருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓட்டிய வழவழப்பு தெரிந்தாலோ அங்கேயே விட்டுவிடுங்கள். எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பழைய கார்பரேட்டர் வண்டியில் எஸ்டீம் எஞ்சினை ஏற்றியிருப்பது சகஜம். அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது மாட்டுவது நீங்கள்.

ஆர்.சி. முதலில் 15 ஆண்டுக்கு. அதற்குப் பிறகு எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும்; தேதி முடிந்திருந்தால் அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். கடன் பதிவு இருந்தால் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் வேண்டும். பெயர் மாற்ற 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28, அதாவது என்.ஓ.சி.; அது கையில் வராமல் முழுப்பணம் தராதீர்கள். இங்கே மறுபதிவு செய்யும்போது கட்டும் சாலை வரியையும் வாங்கும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்று சொன்னால், ஏலக் காகிதம் அசல்தானா, அதை வைத்து ஆர்.டி.ஓ.வில் பதிவு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். “பதிவு பண்ணிக்கலாம் சார்” என்ற வாக்குறுதிக்குப் பணம் கட்டாதீர்கள். ஆர்.சி.யில் சாஃப்ட் டாப் (துணிக்கூரை) என்றிருந்து வண்டியில் ஹார்டு டாப் (கெட்டிக்கூரை) இருந்தாலும், எஞ்சின் மாற்றத்துக்குச் சொன்ன அதே எஃப்.சி. சிக்கல்தான்.

2. துரு

பாயை விரித்து அடியில் படுங்கள். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் (பட்டையைப் பிரேமோடு இணைக்கும் கொக்கி) மாட்டும் இடம், பாடியைப் பிரேமோடு இணைக்கும் ரப்பர் மவுண்டுகள் உட்காரும் தகடு, இந்த மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்று சொல்லும். இற்றது ‘டொப்’ என்று அமுங்கும். புதுசாகக் கனமாகக் கறுப்புப் பூசியிருந்தால் இன்னும் அழுத்தித் தட்டுங்கள், அதற்கடியில்தான் துரு ஒளிந்திருக்கும்.

மேலே வந்து டிரைவர் பக்க மிதியடியைத் தூக்குங்கள். கிளட்ச் பெடலுக்குக் கீழ் மூலை, பின் சக்கர வளைவு, கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பாகம் ஆகியவை தண்ணீர் தேங்கும் இடங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். தரைத்தகடு போனால் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். பிரேமில் விரல் நுழைகிற ஓட்டை இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

3. முன் ஆக்ஸில்

ஜிப்சியில் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அவசரப்படாதீர்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையான ஒரு இரும்புக் குண்டு தெரியும், அதுதான் நக்கிள். அதன்மேல் லேசான கிரீஸ் பூச்சு இருக்கலாம். ஆயிலும் கிரீஸும் கலந்து கறுப்புக் கூழாக வழிந்தால் உள் சீல் போய், ஹவுசிங் (ஆக்ஸில் கூடு) ஆயில் நக்கிளுக்குள் வருகிறது என்று பொருள்.

பின் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், சின்ன வேலை. நிற்காவிட்டால் கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங், நக்கிளையே பிரிக்க வேண்டும். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் வெடவெடவென்று உதறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதை மறைக்கப் புது ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அமுக்கும் சின்ன ஷாக்) மட்டும் மாட்டி விற்பார்கள். எல்லாம் பழசாக இருந்து டேம்பர் மட்டும் பளபளவென்றிருந்தால் சந்தேகப்படுங்கள்.

சக்கரம் தூக்கியபடியே இருக்கட்டும். எஞ்சினை நிறுத்தி, முதல் கியர் போட்டு, ஃபோர் வீல் போடும் சின்ன லீவரை 4எல்-இல் (நாலு சக்கரத்துக்கும் சக்தி, மெதுவான கியர்) வையுங்கள். ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) திருகும் லாக் இருந்தால் இரண்டு முன் சக்கரத்திலும் பூட்டுங்கள். இப்போது சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். கொஞ்சம் அசைந்து டக்கென்று நிற்க வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் முன் சக்கரத்துக்குச் சக்தி போகவில்லை: ஹப் பிடிக்கவில்லை, அல்லது உள்ளே ஆக்ஸில் உடைந்திருக்கிறது. அடுத்த பக்கமும் இதையே செய்யுங்கள். ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று அறிய இதைவிட மலிவான சோதனை கிடையாது.

4. ஓட்டிப் பாருங்கள்

வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். நீலப்புகை, கியர் மாற்றும்போது கர்ரென்ற சத்தம், கிளட்ச் நழுவுதல் போன்றவற்றை எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார்.

ஃபோர் வீலை மண் தரையில் மட்டும் சோதியுங்கள். இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் (இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) இல்லை. தார் ரோட்டில் ஃபோர் வீலில் வளைத்தால் உள்ளே முறுக்கேறி கியரும் கிராஸும் (சுழலும் தண்டின் இணைப்பு) அடிவாங்கும். டயர் நாலும் ஒரே அளவில் இருக்க வேண்டியதும் இதனால்தான்.

மண்ணில் 4ஹெச் (ஃபோர் வீல், சாதாரண வேகம்) போட்டு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக உருட்டுங்கள். டக் டக் என்று முன்னால் சத்தம் வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. பிறகு நிறுத்தி, 4எல் போட்டு, ஒரு சரிவில் முதல் கியரில் காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். சின்ன லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) உள்ளே தேய்ந்திருக்கலாம், அல்லது அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் விலை பேசாதீர்கள். மவுண்ட் என்றால் அரை நாள் வேலை, உள்தேய்மானம் என்றால் கேஸையே இறக்க வேண்டும்.

உயரமாக நிற்கும் வண்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். நீள ஷேக்கிள் போட்டு முன்பக்கத்தைத் தூக்கியிருந்தால் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறி, நேர் ரோட்டில்கூட வண்டி அலையும்.

5. வாங்கிய வாரமே

எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங் ஆகிய ஐந்து ஆயிலையும் மாற்றுங்கள். இறக்கும் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலையும் பிரீதரையும் (உள்ளே காற்று போய்வரும் குழாய்) சரிசெய்துவிட்டு நிரப்புங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால் அதையும் மாற்றிவிட்டு, அப்புறம் மலை ஏறுங்கள்.